அழுத்தம் ஏறாத கிளாகோமாவுக்குக் கண் டாப்ளர் ஸ்கேன்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

கண் அழுத்தம் 21 மி.மீ. பாதரசத்தைத் தாண்டுவதே இல்லை. ஆனாலும் பார்வை நரம்பு தேய்ந்துகொண்டே போகிறது. இதுதான் அழுத்தம் ஏறாத கிளாகோமா. நரம்புக்குப் போதிய ரத்தம் வருகிறதா என்ற சந்தேகம் எழும்போதுதான், ஒலி அலைகளால் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் கலர் டாப்ளர் ஸ்கேன் எழுதித் தருகிறார்கள்.

ஊசியும் சாயமும் கதிர்வீச்சும் இல்லாத பரிசோதனை இது. மல்லாந்து படுக்கவைத்து, மூடிய இமைமேல் ஜெல் தடவி, 7.5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட லீனியர் புரோபால் (ஒலி அலையை அனுப்பிப் பெறும் கைக்கருவி) பார்ப்பார்கள். ஆழத்தில் கண் தமனி, பார்வை நரம்பின் நிழலுக்குள் விழித்திரை மையத் தமனி, நரம்பின் இருபுறமும் குட்டை சிலியரித் தமனிகள். நரம்பின் தலைப்பகுதிக்குப் பெரும்பாலும் ரத்தம் தருபவை சிலியரித் தமனிகள்தான். ஆனால் அவை மெலிந்து, கொத்தாக ஓடுவதால் நம்பி அளக்கக் கடினமானவையும் அவையே.

அறிக்கையில் உச்ச வேகமும், துடிப்பு தளர்ந்து முடியும் கணத்தின் வேகமும் இருக்கும். இரண்டின் வித்தியாசத்தை உச்ச வேகத்தால் வகுத்தால், ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் தடை எண் கிடைக்கும். நொடிக்கு 10 செ.மீ., 2.5 செ.மீ. என்றால் 0.75. இந்த நோயாளிகளிடம் தளர்வு வேகம் குறைந்தும் தடை எண் கூடியும் காணப்படுவது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமானவர்களின் எண்களும் அதே எல்லைக்குள் வந்து கலக்கும். தமனியின் விட்டத்தை இந்த ஸ்கேன் அளப்பதில்லை. ஆகவே வேகம் தெரியும், எவ்வளவு ரத்தம் போகிறது என்பது தெரியாது. “ரத்த ஓட்டம் குறைவு” என்று அறிக்கை சொன்னால், அது அளந்ததைத் தாண்டிய பேச்சு.

முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் கை அழுத்தம். புரோபைச் சற்று அழுத்தினாலே கண் அழுத்தம் ஏறி, தளர்வு வேகம் விழுந்து, இல்லாத நோய் எண்ணில் தோன்றும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, கையை நெற்றியில் ஊன்றிக்கொள்பவரிடம் செய்துகொள்வது நல்லது. அடுத்தது, ஒலிக்கற்றைக்கும் தமனிக்கும் இடையிலான கோணம்: 60 பாகையில் 5 பாகை கூடுதலாகத் திருத்தினால் வேகம் சுமார் 18 சதவீதம் மிகையாகும். தடை எண் விகிதம் என்பதால் அதற்கு இந்தப் பாதிப்பு இல்லை. இயந்திரம் கண்ணுக்கான அமைப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஒலி அலை திசுவைப் பாதிக்கும் வாய்ப்பைக் காட்டும் மெக்கானிக்கல் இன்டெக்ஸ் 0.23-ஐத் தாண்டக் கூடாது.

இந்த எண்ணை வைத்து சிகிச்சை மாறுவது அரிது. 1998-இல் வெளியான கூட்டாய்வில், கண் அழுத்தத்தை 30 சதவீதம் குறைத்த கண்களில் 12 சதவீதமும், சிகிச்சையில்லாத கண்களில் 35 சதவீதமும் மோசமாயின. கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டுமருந்தின் இடத்தை டாப்ளர் பிடிக்காது. இரவில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு 24 மணிநேர ரத்த அழுத்தப் பதிவு இதைவிடப் பயன்தரும். தூக்கத்தில் ரத்த அழுத்தம் அதிகமாக விழுந்தால் நரம்புக்கு ரத்தம் தள்ளும் விசையும் குறையும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

ஒரு கண் மட்டும் வேகமாகக் கெடுகிறதென்றால் டாப்ளரைத் தயங்காமல் பரிந்துரைப்போம். அந்தப் பக்கக் கண் தமனியில் வேகம் வெகுவாகக் குறைந்தோ, ஓட்டம் திசைமாறியோ இருந்தால், கழுத்துத் தமனி அடைப்பை அன்றே தேட வேண்டும்.