கோரல் ரீஃப் வாட்ச்: கடல் வெப்ப அலையைக் கண்காணிக்க இதை எவ்வளவு நம்பலாம்?

கடல் சூடாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு பவளப்பாறையைப் பார்க்கப் போனால், பாதி வெளிறி (வெப்பத்தால் நிறமிழந்து வெள்ளையாகி) முடிந்திருக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள உலகம் முழுவதற்கும் இருக்கிற ஏற்பாடுகளில் முதலில் சொல்ல வேண்டியது, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) நடத்தும் ‘கோரல் ரீஃப் வாட்ச்’ இணையச் சேவை. கட்டணம் கிடையாது. செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு உலகக் கடல்களை 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தினமும் வரைபடம் வெளியிடுகிறார்கள். 1985 முதலான தரவும் கிடைக்கிறது. பவளப்பாறையோடு வேலை செய்கிற எவரும் இதைத் தினமும் திறந்து பார்க்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் வரைபடத்தின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அடிப்படை இதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும், ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரி வெப்பநிலை ஒன்று இருக்கிறது. அது 29.0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கடல் அதற்கு மேல் எத்தனை டிகிரி போகிறதோ அது ‘ஹாட்ஸ்பாட்’. அந்த உயர்வு 1 டிகிரியை எட்டினால்தான் கணக்கில் சேரும். அப்படிச் சேர்ந்த அளவுகளைக் கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டினால் வருவது ‘டிகிரி வெப்ப வாரம்’. ஒரு வாரம் முழுக்க 30.5 டிகிரி இருந்தால் 1.5. நான்கு வாரம் அப்படியே நீடித்தால் 6. இந்தக் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க அளவு வெளிறலை எதிர்பார்க்கலாம். 8ஐத் தொட்டால் பவளங்கள் சாகத் தொடங்கும். 2023இல் கரீபியன் கடலின் சில இடங்களில் இது 20ஐத் தாண்டியது. சேவையின் பழைய எச்சரிக்கை அளவுகோலில் ‘எச்சரிக்கை 2’க்கு மேல் படியே இல்லை. அதன் பிறகுதான் 5 வரை நீட்டினார்கள். 20க்கு மேல் போனால் எச்சரிக்கை 5. கிட்டத்தட்ட எல்லாப் பவளங்களும் மடியும் அபாயம் என்று அதற்குப் பொருள்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அதே இடத்தில் நான்கு வாரம் 29.9 டிகிரி இருந்தால், உயர்வு 0.9தான், கூட்டுத்தொகை பூஜ்யம். பவளத்துக்கு அது பூஜ்யம் அல்ல. உயர்வு 0.7, 0.8 என்று வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால், கூட்டுத்தொகை ஏறவில்லை என்று நிம்மதியாக இருக்காமல் தண்ணீரில் இறங்கிப் பார்ப்பதே சரி.

இதைவிட அதிகம் தவறாகப் படிக்கப்படுவது எச்சரிக்கை வரைபடம். அதில் ‘எச்சரிக்கை 1’ நிறம் வர இரண்டு நிபந்தனைகள்: கூட்டுத்தொகை 4க்குக் குறையக் கூடாது, அன்றைய உயர்வும் 1 டிகிரிக்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன இடத்தில் ஐந்தாம் வாரம் காற்றும் மழையும் வந்து தண்ணீர் 29.8க்கு இறங்கியது என்று வையுங்கள். கூட்டுத்தொகை அப்படியே 6. ஆனால் வரைபடம் ‘எச்சரிக்கை 1’இலிருந்து ஒரே தாவலில், எச்சரிக்கைகளுக்கெல்லாம் கீழே உள்ள ‘கவனிப்பு’ நிலைக்கு இறங்கிவிடும். ஆபத்து போய்விட்டது என்று படகைத் திருப்புகிற அந்த வாரத்தில்தான் வெளிறிய பவளங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கும். உடலுக்குள் இருந்து உணவு தரும் நுண்பாசியை வெளியேற்றிவிட்ட பவளம், தண்ணீர் குளிர்ந்தவுடன் எழுந்து நிற்காது. மீள வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஆகவே எச்சரிக்கை வரைபடத்தைத் தனியாகத் திறக்காமல், டிகிரி வெப்ப வார வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தே பாருங்கள்.

‘மெய்நிகர் நிலையம்’ என்ற பகுதி நல்ல வசதி. ஒரு வட்டாரத்துக்கு ஒரே வரைகோடாக ஆண்டு முழுவதையும் காட்டும், மின்னஞ்சலில் எச்சரிக்கையும் அனுப்பும். ஆனால் அந்தக் கோடு வட்டாரத்தின் சராசரி அல்ல. அதிக வெப்பமான கட்டங்களின் பக்கம் சாய்ந்த அளவு. உங்கள் பாறைக்கு நேரான கட்டத்தின் எண் அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். நான்கு மாத முன்னறிவிப்பு 60, 90 சதவீத நிகழ்தகவு என இரண்டு வரைபடங்களாக வருகிறது. ஆட்களையும் படகையும் ஏற்பாடு செய்ய 60 சதவீத வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 90க்குக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

இதே தளத்தில் ‘கடல் வெப்ப அலை’ வரைபடமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. வெப்ப அலை என்பது அந்தந்தப் பருவத்துக்கு உரிய வெப்பநிலையோடு ஒப்பிட்டுச் சொல்வது: அந்த நாளுக்கான நீண்டகாலப் பதிவில் 90 சதவீத நாட்களின் அளவையும் தாண்டி, குறைந்தது 5 நாள் தொடர்ந்தால் வெப்ப அலை. அதனால் குளிர்காலத்திலும் வெப்ப அலை வரும். டிகிரி வெப்ப வாரம் அப்போது பூஜ்யமாகவே இருக்கும். வடகிழக்குப் பசிபிக்கில் ‘தி பிளாப்’ எனப்பட்ட வெப்ப அலை 2013–14 குளிர்காலத்தில்தான் உருவானது. அதன் பின்விளைவாக அலாஸ்கா வளைகுடாவில் காட் மீன் வளம் சரிந்து, 2020இல் அந்த மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 வெப்ப அலை சுமார் 100 கிலோமீட்டர் கரையோரத்தில் கெல்ப் (பெரிய கடற்பாசி) காடுகளை அழித்தது. மீன், கெல்ப், கடற்புல் பற்றிய வேலை என்றால் இந்த வரைபடம். பவளம் என்றால் டிகிரி வெப்ப வாரம்.

சேவை சொல்லாத பெரிய விஷயம், வெப்பம் எதனால் வந்தது என்பது. அது தெரியாமல் எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்ல முடியாது. உயர் காற்றழுத்தம் நிலைகொண்டு, காற்று ஓய்ந்து, வானம் தெளிந்திருந்தால் வெயில் ஏறும், ஆவியாகி வெளியேறும் வெப்பம் குறையும், மேலடுக்கும் கீழடுக்கும் கலக்காது. அப்போது சூடாவது பெரும்பாலும் மெல்லிய மேலடுக்குதான். ஒரு நல்ல புயல் கலக்கிவிட்டால் இறங்கிவிடும். நீரோட்டம் வெந்நீரைக் கொண்டுவந்து சேர்த்தால் கதை வேறு. 2015–16இல் டாஸ்மன் கடலில் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் அப்படிச் செய்தது; அந்த வெப்ப அலை 251 நாள் நீடித்தது. இவற்றுக்கெல்லாம் அடியில், பசுமைக்குடில் வாயுக்களால் பூமியில் தங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. அதனால் 1980களோடு ஒப்பிட்டால் வெப்ப அலைகளின் எண்ணிக்கை சுமார் இரு மடங்காகியிருக்கிறது. வரைபடத்தில் சிவப்பைக் கண்டதும் காற்று வேகம், மேகம், நீரோட்டம் மூன்றையும் வேறு தளங்களில் சரிபாருங்கள். மேற்பரப்புக்குக் கீழே ஆழத்தில் உள்ள வெப்பத்தைப் பற்றி இந்தச் சேவை எதுவும் சொல்லாது.

ஆழத்துக்கு உங்கள் சொந்த வெப்பநிலைப் பதிவுக் கருவிதான் வழி. துல்லியம் 0.2 டிகிரிக்குள் இருப்பதை வாங்குங்கள், 0.5 டிகிரி பிழை உள்ள மலிவுக் கருவி இந்த வேலைக்கு ஆகாது. இறக்கும் முன்பும் எடுத்த பின்பும் பனிக்கட்டி நீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். துளையிட்ட வெள்ளை பிவிசி குழாய்க்குள் வைத்து, பவளத்தின் உயரத்திலேயே கட்டுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் வெயில் நேரடியாகப் பட்டால் கருவி தண்ணீரை விட்டுவிட்டுத் தன் உடல் சூட்டையே பதிவு செய்யும். 15 நிமிடத்துக்கு ஓர் அளவு போதும். பிளாஸ்டிக் பட்டை நாளடைவில் நொறுங்கும், அதனால் துருப்பிடிக்காத கம்பியே நல்லது.

பிறகு ஒப்பிடும்போது கவனம். நோவாவின் அளவு இரவு நேரத்து மேற்பரப்பு வெப்பநிலை. ஆகவே உங்கள் கருவியின் இரவுச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். உங்கள் அளவிலிருந்து நோவாவின் மாதச் சராசரியை அப்படியே கழிக்கவும் கூடாது. இரண்டுக்கும் இடையில் 0.4 டிகிரி நிரந்தர வேறுபாடு இருந்தால், வெப்பம் நீடிக்கும் 12 வாரத்தில் அது மட்டுமே 4.8 டிகிரி வெப்ப வாரமாகச் சேர்ந்து, இல்லாத எச்சரிக்கையை உண்டாக்கிவிடும். முதலில் வெப்பம் இயல்பாக இருக்கும் மாதங்களில் இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுங்கள்.

ஒற்றைக் கருவியை வைத்து மொத்தக் கடலையும் பேசுவதும் தவறுதான். 2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் மானட்டி விரிகுடாவில் ஒரு மிதவை 38.4 டிகிரி காட்டியது. அது ஆழம் குறைந்த, கலங்கிய, வெயிலை உறிஞ்சும் தண்ணீர். வெளிக்கடல் பாறைகளின் நிலையை அறிய அந்த எண் உதவாது. செயற்கைக்கோள் கட்டத்தின் எண்தான் உதவும். லகூனுக்குள் (பாறைத்தடுப்புக்கு உட்புறம் உள்ள ஆழமற்ற கடல்நீர்ப் பரப்பு) இருக்கிற பாறைக்கு நேர்மாறு: 5 கிலோமீட்டர் கட்டம் லகூனையும் வெளிக்கடலையும் பிரித்துப் பார்க்காது, அங்கே உங்கள் கருவியை நம்புங்கள்.

டிகிரி வெப்ப வாரம் 2ஐத் தாண்டியதும் வாரம் ஒரு முறை இறங்கிப் பார்ப்பது நல்லது. கிளைப்பவளங்களின் மேற்புறத்தை முதலில் பாருங்கள். வெள்ளையாவதற்கு முன்பே நிறம் மங்கும்; சில இனங்கள் பளிச்சென்ற நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறி அழகாகத் தெரியும். அதுவும் வெப்பத்தின் அறிகுறியே. உருண்டைப் பவளங்கள் பொதுவாகப் பிந்தித்தான் வெளிறும். ஒவ்வொரு முறையும் அதே திட்டுகளை, அதே கோணத்தில், நிற அட்டையோடு படமெடுத்து, அன்றைய டிகிரி வெப்ப வார எண்ணையும் படத்தின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.