டைம் ஆஃப் ஃப்ளைட் குழாய்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

அயனிகள் பறந்து சேரும் நேரத்தை வைத்து அவற்றின் நிறையைக் காட்டும் கருவி இது. வைலி-மெக்லாரன் பாணியில் இரண்டு கட்டமாக அயனிகளை முடுக்கும் அரை மீட்டர் குழாய், முனையில் அயனிகளைப் பதிவுசெய்யும் டிடெக்டராக மைக்ரோசேனல் பிளேட். 800 நானோமீட்டர் ஃபெம்டோசெகண்ட் லேசரோடு எட்டு மாதமாக ஓட்டுகிறேன். தாராளமாக வாங்கலாம்.

வந்ததும் செனானையும் ஆக்சிஜனையும் அடுத்தடுத்து விட்டுப் பாருங்கள், கருவியின் தரம் அதிலேயே தெரிந்துவிடும். செனானிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 12.13 எலக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜனுக்கு 12.07, கிட்டத்தட்ட ஒன்றுதான். சதுர சென்டிமீட்டருக்கு நூறு லட்சம் கோடி வாட் அளவுக்குக் குவித்தால் இரண்டும் ஒரே மாதிரி அயனியாக வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் ஆக்சிஜன் அயனிகள் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வருகின்றன. காரணம், அதன் வெளி எலக்ட்ரான் பிணைப்புக்கு எதிரான ஆர்பிட்டாலில் (அணுக்களின் பிணைப்பைத் தளர்த்தும் எலக்ட்ரான் நிலையில்) இருக்கிறது, மூலக்கூறின் இரண்டு அணுக்களிலிருந்தும் கசியும் எலக்ட்ரான் அலைகள் எதிர்க்குறியோடு வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. தொண்ணூறுகளிலேயே அளந்த விஷயம்தான், இருந்தாலும் நம் திரையில் வரும்போது உடம்பு சிலிர்க்கிறது! செனானின் 131, 132 ஐசோடோப்புகளையும் தனித்தனியாகக் காட்டியது. ஒன்று, அழுத்தமானி நைட்ரஜனுக்கு அளவீடு செய்தது, செனானுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு கூட்டிக் காட்டும், அதை வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அப்புறம் நைட்ரஜன். நிறை 14 இருக்கும் இடத்தில் நடுவில் ஊசிபோல ஒரு முகடு, அது இரண்டு எலக்ட்ரான் இழந்தும் உடையாத மூலக்கூறு (குழாய் நிறையை மின்னூட்டத்தால் வகுத்தே காட்டும், 28ஐ இரண்டால் வகுத்தால் 14). இருபுறமும் தோள்போலத் தெரிபவை வெடித்துச் சிதறிய அணுக்கள், ஒன்று டிடெக்டரை நோக்கியே பாய்ந்து முந்திக்கொள்கிறது, மற்றது பின்னால் போய்த் திரும்பி வருவதால் சற்றுத் தாமதம். லேசரின் துருவத்தை, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசையை, குழாயின் திசைக்குத் திருப்பினால் தோள்கள் எழும், குறுக்கே திருப்பினால் அடங்கிவிடும். இதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் குழாயை நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. உயர் மின்னழுத்த இணைப்பு ஒன்று முதல் வாரமே கசிந்தது, மாற்று வர இரண்டு மாதம் ஆயிற்று, விற்றவர்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். கையேட்டில் சூடேற்றி ஈரம் போக்குவது பற்றி ஒரு வரிகூட இல்லை, அதைச் செய்யாவிட்டால் நிறை 18இல் தண்ணீர் முகடு நாள்கணக்கில் போகாது. இணைப்புகளில் காற்று புகாமல் அடைக்கும் செப்பு கேஸ்கெட் ஒரு பெட்டி சேர்த்தே ஆர்டர் போடுங்கள், அவர்கள் தருவது நான்கு மட்டும்தான்.