விர்ச்சுவல்பாக்ஸ் மெதுவா? முதலில் அந்த ஆமையைப் பாருங்கள்

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விஎம்) ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை விண்டோஸ் 11-இல் போட்டு, ஒரு லினக்ஸை ஓட்டி, போட்டியாளரான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனோடு ஒப்பிட்டு "இழுக்குது" என்று தீர்ப்பு எழுதும் முன், விஎம் ஜன்னலின் கீழ் வலது மூலையைப் பார்க்க வேண்டும். அங்கே பச்சை ஆமை உட்கார்ந்திருந்தால் அளந்த எண்கள் எதற்கும் உதவாது. விஎம்களை வேகமாக ஓட்ட உதவும் ப்ராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை, விண்டோஸின் சொந்த விஎம் அடுக்கான ஹைப்பர்-வி பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறி ஓடுகிறது என்று பொருள். நேரடியாக ஓடினால் அதே இடத்தில் 'வி' எழுத்து தெரியும்.

ஹைப்பர்-வியை நீங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதில்லை. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) அல்லது மெமரி இன்டெக்ரிட்டி (விண்டோஸின் ஒரு பாதுகாப்பு அம்சம்), இரண்டில் ஒன்று இயங்கினாலே அது வந்துவிடும். மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, விண்டோஸின் தொடக்க அமைப்பை மாற்றும் பிசிடிஎடிட் (bcdedit) கட்டளையால் ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்பை (hypervisorlaunchtype) 'ஆஃப்' ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் இரண்டையும் பழையபடி மாற்றிவிடுங்கள். லாஞ்ச் டைப் 'ஆட்டோ' ஆகாவிட்டால் டபிள்யூஎஸ்எல் 2 எழாது.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 15.5.5 முதல் ஹைப்பர்-வி மேல் ஓடும். ஆனால் திரையில் ஆமை இல்லை. லாக் கோப்பைத் திறந்து 'மானிட்டர் மோட்' வரியைத் தேட வேண்டும்: சிபிஎல்0 என்றால் நேரடி, யுஎல்எம் என்றால் ஹைப்பர்-வி வழி. ஒன்றை நேரடியாகவும் மற்றதை யுஎல்எம்மிலும் ஓட்டி ஒப்பிடுவது அநியாயம். இதில் விர்ச்சுவல்பாக்ஸ் ஒளிக்காமல் காட்டுவது பெரிய உதவி.

அதிகம் ஏமாற்றுவது டிஸ்க் சோதனைதான். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரின் அமைப்பில் 'ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ்' வழக்கமாக அணைந்தே இருக்கும். அதை டிக் செய்தால் தரவு முதலில் ஹோஸ்டின் (உங்கள் உண்மையான கணினியின்) ராமில் போய் நிற்கும்; எஸ்எஸ்டியால் எட்டவே முடியாத வேகம் திரையில் வரும். டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ (fio) கருவியில் டைரக்ட்=1 கொடுத்தாலும் தப்ப முடியாது, அது கெஸ்டின் (விஎம்முக்குள் ஓடும் லினக்ஸின்) கேஷை மட்டுமே தாண்டும். ஹோஸ்டில் 16 ஜிபி ராம் என்றால் சோதனைக் கோப்பை 32 ஜிபி வையுங்கள். தேவைக்கேற்ப வளரும் டைனமிக் டிஸ்க்கும் வேண்டாம்: முதல் ஓட்டத்தில் இடம் ஒதுக்கும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு மென்பொருளிலும் முழு அளவை முன்பே ஒதுக்கிய டிஸ்க்தான் சரி.

மற்றவை எளிது. இரண்டிலும் ஒரே கெஸ்ட், 4 கோர், 4 ஜிபி ராம், கெஸ்டுக்குள் போடும் துணை மென்பொருள்களான கெஸ்ட் அடிஷன்ஸும் (விர்ச்சுவல்பாக்ஸ்) விஎம்வேர் டூல்ஸும் புதிய பதிப்பில். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். ஐந்து முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். நேரத்தை ஹோஸ்டின் கடிகாரத்தில் பாருங்கள், சுமை ஏறினால் கெஸ்டின் கடிகாரம் பிசகலாம்.

இப்படி அளந்தால் கம்பைல் போன்ற ப்ராசசர் வேலையில் பெரிய இடைவெளி இருக்காது. 3டி கிராஃபிக்ஸில் வொர்க்ஸ்டேஷன் தெளிவாக முன்னே. 2024 நவம்பரிலிருந்து ப்ரோ பதிப்பு எல்லோருக்கும் இலவசம் என்பதால், டெஸ்க்டாப் லினக்ஸில் நாள் முழுக்க உட்காருபவர்கள் அதையே எடுக்கலாம். திரையே தேவைப்படாத சர்வர் விஎம்களை ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுபவர்களுக்கு, விபாக்ஸ்மேனேஜ் கட்டளைக்காகவே விர்ச்சுவல்பாக்ஸ் போதும்.