மூன்று வருடப் பணம் போச்சு, பெயரும் போச்சு: டொமைன் வாங்குபவர்களுக்கு எச்சரிக்கை

நேற்றுக் காலை என் தளத்தின் முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கிறது. எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்தச் சாலையை அடைத்திருக்கிறார்கள், யாருக்கு அவசரமாக ரத்தம் வேண்டும், யார் வீட்டில் துக்கம் என்று நான் ஊர்ச் செய்தி போட்டு வந்த இடம் அது. கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததைச் சொல்லிவிட்டு, வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இலவச முகவரியில்தான் எழுதினேன். நீளமான பெயர், வயதானவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சரி, சொந்தமாக ஒரு டாட் காம் வாங்கலாம் என்று, டொமைனும் (தளத்தின் முகவரிப் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் இடம்) சேர்த்து விற்கும் ஒரு சேவைக்காரரிடம் போனேன். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால் கவலையே இல்லை என்றார். கட்டினேன்.

பக்கத்தில் என்னை உட்காரவைத்துத்தான் படிவத்தை நிரப்பினார். மின்னஞ்சல் கேட்கும் இடம் வந்தது. "உங்களுக்கு எதுக்குங்க வீணா மெயில் தொந்தரவு, நம்ம மெயிலையே போட்டுடறேன்" என்று அவருடையதைத் தட்டினார். எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்தேன். நன்றிகூடச் சொன்னேன்! என் தளத்தின் பெயர் கைவிட்டுப் போனது அந்த நொடியில்தான்.

ஒரு வருடம் ஓடியது. திடீரென்று ஒருநாள் தளம் திறக்கவில்லை. அன்றைக்கு ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கு நேரத்தைப் போட்டிருந்தேன். எத்தனை பேர் பார்க்க முடியாமல் தவித்தார்களோ. சேவைக்காரரைக் கூப்பிட்டேன். "சர்வர் வேலை நடக்குது." அடுத்த முறை, "டிஎன்எஸ் மாத்தியிருக்கோம், 48 மணி நேரம் ஆகும்." டிஎன்எஸ் என்பது முகவரியை சர்வரோடு இணைக்கும் ஏற்பாடாம். அந்த 48 மணி நேரம் வாரக்கணக்கில் முடியவே இல்லை. அப்புறம், "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்லியாச்சு." அதன்பின் போனையே எடுக்கவில்லை.

விஷயம் தெரிந்த ஒரு நண்பர் சொல்லி, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் இடத்தில் அவர்கள் நிறுவனத்தின் பெயர். பதிவு செய்திருந்தது ஒரே ஒரு வருடத்துக்கு. என்னிடம் வாங்கியதோ மூன்று வருடப் பணம்! நிலை என்ற இடத்தில் 'ரிடம்ப்ஷன் பீரியட்', அதாவது மீட்புக் காலம், என்று இருந்தது. காலாவதியான டாட் காம் பெயரை ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) 45 நாள் வரை வைத்திருக்கலாம். நீக்கிய பிறகும் 30 நாள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் தாண்டினால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்தபோது அந்த 30 நாள் ஓடிக்கொண்டிருந்தது.

மீட்கும் கட்டணத்தையும் நானே தருகிறேன் என்று சேவைக்காரருக்கு எழுதினேன். பதில் இல்லை. பெயரைப் பதிவு செய்த ரெஜிஸ்ட்ராரிடமே நேராகக் கேட்டேன். "எங்கள் வாடிக்கையாளர் அவர்கள், நீங்கள் இல்லை" என்றார்கள். ரசீது என் பெயரில் இருக்கிறது, பணம் என்னுடையது, தினமும் உட்கார்ந்து எழுதியவன் நான். ஆனால் பதிவில் நான் யாரும் இல்லை. நாள் முடிந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

விரிவாக எழுத இப்போது மனம் வரவில்லை. இதை மட்டும் உடனே செய்யுங்கள். லுக்அப் பக்கத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள், கட்டிய வருடமும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் விவரத்தை அங்கே மறைத்திருந்தால், ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் நீங்களே நுழைந்து உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு காலாவதிக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இல்லையென்றால் இன்றே கேளுங்கள். எழுதியதற்கெல்லாம் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடப் பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் பழைய முகவரியைச் சேமித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அங்கே இருப்பது நான் இல்லை.