வாவிக்கரையிலிருந்து கிளஸ்டர்: நாலு வருடப் பாவனை

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான், கூட்டு ஆய்வொன்றின் தயவில் கிடைத்த வெளிநாட்டுக் கிளஸ்டர் (ஒன்றாக இணைத்த பல கணினிகளின் தொகுதி) ஒன்றை நாலு வருடமாகப் பாவிக்கிறேன்.

மாவட்டத்தின் பரப்பு 2,854 சதுர கிலோமீட்டர். 100 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் ஏறக்குறைய 285,000 கட்டங்கள். ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மட்டும் கணக்குப் போட மடிகணினியே தாராளம். எனக்குத்தான் ஆசை விடவில்லை. எந்தக் கட்டத்திலிருந்தும் எந்தக் கட்டத்துக்கும் என்று இறங்கினேன். 8,000 கோடிக்கும் மேற்பட்ட சோடிகள். ஒன்றுக்கு 4 பைட் என்றாலும் 320 ஜிபி தாண்டும். மடிகணினி உறைந்தது. கிளஸ்டரும் முதல் தடவை நினைவகம் போதாதென்று வேலையைக் கொன்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கத் தேவையில்லை என்ற புத்தி அப்புறம்தான் வந்தது.

உண்மையான லாபம் வேறு இடத்தில். நடை வேகம், காத்திருக்கும் நேரம், மாரியில் மூழ்கும் தெருக்கள் இவற்றை மாற்றி மாற்றி ஆயிரம் தடவை ஓட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஓட்டங்கள் என்பதால் ஸ்லர்மில் (கிளஸ்டரின் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருள்) ஜொப் அரேயாக, அதாவது ஒரே மாதிரி வேலைகளின் தொகுப்பாகப் போட்டால் அவை பல கணுக்களில், அதாவது கிளஸ்டரின் தனித்தனிக் கணினிகளில், பிரிந்து ஓடும். இங்கே கரண்ட் போனாலும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிம்மதிக்கே முழுப் புள்ளி கொடுக்கலாம்.

வேலை தொடங்க முறை வரும்வரை காத்திருக்கும் வரிசைதான் வதை. அதைவிட, வேலைக்கென்று முன்கூட்டியே கேட்ட நேரம் முடிந்தால் வேலை இரக்கமில்லாமல் நிறுத்தப்படும். இடையிடையே சேமிக்காமல் ஒரு கிழமை உழைப்பை இழந்திருக்கிறேன். அது என் பிழைதான், சரி.

ஆனால் பெரிய பிழையைக் கிளஸ்டர் காட்டித் தரவில்லை. எங்கள் ஊரில் ‘பாதை’ என்றால் தெருவல்ல, வாவியைக் கடக்கும் மிதவை. 2014இல் பாலம் வரும்வரை மண்முனையிலும் அதுதான் ஓடியது. குருமண்வெளி–மண்டூர் பாதையை நான் எந்நேரமும் திறந்த தெருவாகவே கணக்கில் எடுத்திருந்தேன். ஆயிரம் ஓட்டத்திலும் அதே பிழை, படு வேகமாக. மிதவைத் துறையில் நின்ற ஐயா ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “காத்தடிச்சா பாதை விடமாட்டாங்களே தம்பி, இதில அது எங்க இருக்கு?”

அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். மண்டூர்ப் பக்கம் பச்சையாக இருந்த கட்டங்கள் சிவப்பாகின. இப்போதெல்லாம் வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் துறைக்குத்தான் போகிறேன், கைபேசியில் நேரம் பிடிக்க.