கிளெரிக், பார்ட், ட்ரூயிட்: குழுவைத் தாங்கும் மந்திரக்காரர் யார்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் துணை நிற்கும் மந்திரக்காரரை உருவாக்க உட்காரும் பலரும் முதலில் கேட்பது, "யாரால் அதிகமாகக் குணப்படுத்த முடியும்?" என்பதுதான். இந்தக் கேள்வி தவறான திசையில் இழுத்துச் செல்லும். 2014 விதிப்படி முதல் லெவல் குணமாக்கும் மந்திரமான க்யூர் வூண்ட்ஸ், திறன் கூட்டல் 4 உள்ளவர் கையில் சராசரியாக 8.5 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) தருகிறது. ஓகர் என்ற ராட்சதனின் தடி ஒரே வீச்சில் சராசரியாக 13 எடுத்துவிடுகிறது. 2024 திருத்தத்தில் க்யூர் வூண்ட்ஸின் பகடை இரட்டிப்பாகி, அதுவும் 13-க்கு வந்திருக்கிறது. அப்படியும் ஒரு ஸ்லாட்டையும் (மந்திரம் போடும் வாய்ப்பு ஒன்றையும்) முழு ஆக்‌ஷனையும் செலவழித்து, விழுந்த ஓர் அடியை அழிக்கிறோம், அவ்வளவுதான். அடுத்த அடி வந்துகொண்டே இருக்கும்.

அதனால் நான் ஒப்பிடுவது வேறொன்றை: கான்சென்ட்ரேஷன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மந்திரத்தைத்தான் மனதில் பிடித்து வைத்திருக்க முடியும், அடி விழுந்தால் அதுவும் கலையலாம். நல்ல துணை மந்திரங்கள் பெரும்பாலும் அந்த ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. அந்த இடத்தில் எதை வைக்கிறோம், அது நிரம்பிய பிறகும் நண்பர்களுக்குக் கொடுக்க என்ன மிச்சம் இருக்கிறது என்பதில்தான் கிளெரிக் (தெய்வ பக்தர்), பார்ட் (பாணர்), ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்) என்ற இந்த மூன்று கிளாஸ்களும் பிரிகின்றன. கீழே உள்ள கணக்குகள், வேறு சொல்லாத இடமெல்லாம், 2014 விதிகளின்படி.

கிளெரிக்கிடம் தொடங்குவோம். முதல் லெவலிலேயே பிளெஸ் இருக்கிறது. மூன்று பேருக்கு ஒரு நிமிடம் வரை, ஒவ்வொரு தாக்குதல் உருட்டலிலும் சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்) ஒரு டி4, அதாவது நான்கு முகப் பகடை, கூடும். இருபது முகப் பகடையான டி20-ல் 11 தேவைப்படும் வீரருக்கு வெற்றி வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 62.5 ஆகிறது. எதிரி சேவிங் த்ரோ போட்டுத் தப்பிக்க வழியே இல்லை. பத்தாம் லெவலில்கூட இதைப் போட யோசிக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் கிடைத்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது. சுற்றிலும் 15 அடிக்குள் வரும் எதிரிகளின் வேகம் பாதியாகும், 3டி8 சேதமும் விழும். ஆனால் இதற்கும் கான்சென்ட்ரேஷன் வேண்டும். பிளெஸ்ஸா, கார்டியன்ஸா என்று ஒவ்வொரு சண்டையிலும் முடிவெடுக்க வேண்டும். இரண்டாம் லெவல் மந்திரமான எய்ட் இந்த நெருக்கடிக்கு நல்ல மருந்து: கான்சென்ட்ரேஷன் கேட்காது, மூன்று பேரின் உச்ச ஹிட் பாயின்ட்டை 8 மணி நேரத்துக்கு 5 கூட்டும். ஸ்பிரிச்சுவல் வெப்பனும் 2014-ல் இப்படி இலவசமாக ஓடியது. 2024 திருத்தம் அதையும் கான்சென்ட்ரேஷனுக்குள் தள்ளிவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் புதிய விதியில் விளையாடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கிளெரிக்கின் இன்னொரு பலம் அகலம். விஸ்டம் (ஞானம்) 18 உள்ள ஐந்தாம் லெவல் கிளெரிக் 9 மந்திரங்களைத் தயார் செய்யலாம், டொமைன் (கிளெரிக்கின் உட்பிரிவு) தரும் 6 அதற்கு மேல். ஆக 15. நீண்ட ஓய்வுக்குப் பின் அந்த 9-ஐயும் மாற்றிக்கொள்ளலாம். அதே லெவல் பார்டுக்குத் தெரிந்தவை 8 மட்டுமே, லெவல் ஏறும்போது ஒன்றை மாற்றலாம். புதிதாக ஆட வருபவருக்கு கிளெரிக்கைச் சொல்ல இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். தப்பாக எடுத்தது மறுநாள் காலையில் சரியாகிவிடும்.

இருந்தும் பார்டைத்தான் நான் மேலே வைப்பேன். பார்டிக் இன்ஸ்பிரேஷன் மந்திரம் அல்ல, கான்சென்ட்ரேஷனும் கேட்காது. போனஸ் ஆக்‌ஷனில், அதாவது முதன்மைச் செயலோடு கூட வரும் சிறு செயலாக, 60 அடி தூரத்திலிருந்து, நண்பர் ஒருவர் கையில் ஒரு பகடையைக் கொடுத்துவிடலாம். தொடக்கத்தில் டி6, ஐந்தாம் லெவலில் டி8. இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. 2014 விதியில் போனஸ் ஆக்‌ஷனாக ஒரு மந்திரம் போட்டால், அந்த முறையில் (அவர் ஆடும் வாய்ப்பில்) வேறு மந்திரம் என்று ஸ்லாட் கேட்காத கேன்ட்ரிப் மட்டுமே போடலாம். அப்படிப்பட்ட குணமாக்கும் மந்திரம் ஹீலிங் வேர்ட்; அதைப் போட்ட கிளெரிக் அதோடு கட்டுண்டு போகிறார். இன்ஸ்பிரேஷன் மந்திரமே இல்லை என்பதால், பார்ட் அதே முறையில் ஹிப்னாட்டிக் பேட்டர்னும் போட்டு எதிரிகளில் பாதிப்பேரைச் செயலிழக்க வைக்கலாம். கான்சென்ட்ரேஷன் எதிரிகள் மேல், பகடை நண்பர்கள் கையில். இந்த இரட்டை வேலையை இவ்வளவு சீக்கிரத்தில் மற்ற இருவரும் இத்தனை எளிதாகச் செய்வதில்லை.

கரிஸ்மா (வசீகரம்) 18 என்றால் நான்கு முறை கொடுக்கலாம். ஐந்தாம் லெவலுக்கு முன் நீண்ட ஓய்வு எடுத்தால்தான் இவை திரும்பும், அதன் பிறகு குறுகிய ஓய்வே போதும். இதனால் முதல் நான்கு லெவல்களில் பார்ட் கொஞ்சம் மெலிந்தவர்தான், அதை மறைக்கத் தேவையில்லை. உங்கள் கதை நான்காம் லெவலோடு முடியப்போகிறது என்றால் கிளெரிக்கே நல்லது. பகடையை வாங்கியவர் அதைப் பயன்படுத்த மறந்துபோவதும் வழக்கமாக நடப்பது. பகடையை மேசையில் அவர் முன்னாலேயே வைத்துவிடுங்கள். 2024 விதியில் தோற்ற பிறகே அதை உருட்டலாம் என்பதால் வீணாவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

லோர் கல்லூரி என்ற பார்ட் உட்பிரிவை எடுத்தால் மூன்றாம் லெவலில் கட்டிங் வேர்ட்ஸ் வருகிறது. அதே இன்ஸ்பிரேஷன் பகடையை, உடனடிப் பதில் செயலான ரியாக்‌ஷனில் எதிரியின் தாக்குதலிலிருந்தோ சேதத்திலிருந்தோ கழிக்கலாம். காது கேட்காத எதிரியிடமும், சார்ம் (மயக்கும் மந்திரம்) பாதிக்காத எதிரியிடமும் இது செல்லாது. மற்றபடி விழவிருந்த அடியையே தடுப்பது, விழுந்த பிறகு ஆற்றுவதைவிட எத்தனையோ மேல். பார்டின் உண்மையான ஓட்டை ரிவிவிஃபை. இறந்து ஒரு நிமிடத்துக்குள் உயிர்ப்பிக்கும் அந்த மூன்றாம் லெவல் மந்திரம் பார்ட் பட்டியலில் இல்லை. மற்ற கிளாஸ்களின் மந்திரத்தை எடுக்க விடும் மேஜிக்கல் சீக்ரெட்ஸ் வழியாக எடுக்கலாம், லோர் பார்ட் ஆறாம் லெவலிலேயே எடுக்கலாம். ஆனால் அதே இடத்துக்குத்தான் எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லும் வந்து நிற்கும்.

ட்ரூயிட் விஷயத்தில் கான்சென்ட்ரேஷன் நெரிசல் மிக மோசம். என்டேங்கிள், ஃபேரி ஃபயர், ஸ்பைக் க்ரோத், மூன்பீம், கால் லைட்னிங், கான்ஜர் அனிமல்ஸ் எல்லாமே அந்த ஒரே இடத்தைக் கேட்கின்றன. ஃபேரி ஃபயரில் சிக்கிய எதிரி மேல் குழுவில் எல்லாருக்கும் அட்வான்டேஜ் (டி20-ஐ இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) என்பதால், அதே 50 சதவீதம் 75 ஆகிறது. ஆனால் எதிரி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் தோற்க வேண்டும். தோற்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் சராசரி மறுபடி 62.5, அதாவது பிளெஸ் உறுதியாகத் தருவது எதுவோ அதுதான். கண்ணுக்குத் தெரியாத எதிரி வந்தால் மட்டும் ஃபேரி ஃபயருக்கு நிகரில்லை.

ட்ரூயிட் வெல்வது சண்டைக்கு வெளியே. பாஸ் வித்அவுட் ட்ரேஸ் ஒரு மணி நேரத்துக்கு அருகில் உள்ள எல்லாருடைய ஸ்டெல்த் (பதுங்கல்) உருட்டலிலும் 10 கூட்டும். இரும்புக் கவசம் அணிந்த பாலடின் வீரர்கூட ஓசையில்லாமல் நுழைந்துவிடுவார். 2014 விதியில் எதிரி எதிர்பாராதபோது சண்டையைத் தொடங்கினால் அந்த எதிரியின் முதல் முறையே பறிபோகிறது. இத்தனை பெரிய உதவி வேறெந்த இரண்டாம் லெவல் மந்திரத்திலும் இல்லை என்பது என் கருத்து. ட்ரூயிட்தான் வேண்டுமென்றால் ஷெப்பர்ட் வட்டம் என்ற உட்பிரிவைப் பாருங்கள். அதன் கரடி ஆவி கான்சென்ட்ரேஷன் இல்லாமல், 5 கூட்டல் ட்ரூயிட் லெவல் அளவுக்குத் தற்காலிக ஹிட் பாயின்ட்டை ஆவியின் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு நண்பருக்கும் தருகிறது.

பிறவி மந்திரக்காரரான சார்சரரின் டிவைன் சோல் உட்பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. கிளெரிக் பட்டியல் திறந்திருக்கும், கான்சென்ட்ரேஷனைக் காக்கும் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவில் பயிற்சி பிறப்பிலேயே உண்டு, வேகம் கூட்டும் ஹேஸ்டை ட்வின் செய்து இருவருக்குப் போடலாம். ஆனால் அது கலைந்தால் அந்த இருவரும் ஒரு முறையை இழப்பார்கள். தெரிந்த மந்திரங்களும் மிகக் குறைவு. அனுபவசாலிகளுக்கு மட்டும்.

எதை எடுத்தாலும் நான்காம் லெவலில் வரும் முதல் ஃபீட்டை (கூடுதல் திறமையை) இந்தக் கணக்கோடு பாருங்கள். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவருக்கு டிசி 10 (எட்ட வேண்டிய எண்) கான்சென்ட்ரேஷன் சேவ் வெல்ல வாய்ப்பு 65 சதவீதம். ஐந்தாம் லெவல் பயிற்சிக் கூட்டலோடு ரெசிலியன்ட் ஃபீட் அதை 80 ஆக்கும், வார் காஸ்டர் ஃபீட் ஏறக்குறைய 88. முன்வரிசையில் ஸ்பிரிட் கார்டியன்ஸோடு நின்று ஒரே சுற்றில் மூன்று அடி வாங்கும் கிளெரிக்குக்கு, ஃபீட் இல்லாமல் மந்திரம் நிலைக்கும் வாய்ப்பு 27 சதவீதம்தான். வார் காஸ்டரோடு 68-ஐ நெருங்கும். கிளெரிக் இந்த ஃபீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. பின்வரிசையில் நிற்கும் பார்ட் அந்த இடத்தில் கரிஸ்மாவை உயர்த்தி, இன்னொரு பகடையைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.