சிஸ்கோ 9800-எல் கன்ட்ரோலர்: அப்கிரேடு நாளில் பதிப்பைச் சரிபார்க்க எவ்வளவு உதவுகிறது?

ஒரு வளாகத்தின் வைஃபை கருவிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். அதை வாங்கும்போது எத்தனை ஏ.பி. (வைஃபை சிக்னல் தரும் அக்சஸ் பாயின்ட்) தாங்கும், எத்தனை பேர் இணையலாம் என்று கேட்போம். 9800-எல் விஷயத்தில் அதற்கான பதில் எளிது: 250 ஏ.பி., 5000 பயனர்கள். பெர்ஃபார்மன்ஸ் லைசென்ஸ் போட்டால் இரண்டும் இரட்டிப்பாகும். காப்பர் போர்ட் வைத்தது 9800-எல்-சி, ஃபைபர் போர்ட் வைத்தது 9800-எல்-எஃப். மதுரையைச் சுற்றியுள்ள ஒரு பொறியியல் கல்லூரிக்கோ, நடுத்தர மருத்துவமனைக்கோ, நான்கு மாடி ஜவுளிக்கடைக்கோ இந்த அளவு தாராளம். ரோமிங், வேகம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று. இங்கே பார்க்கப்போவது ஒன்றை மட்டும்தான்: மென்பொருளை மாற்றும் இரவில், ‘சரியான பதிப்புதான் ஓடுகிறது’ என்பதை இந்தப் பெட்டி எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கன்ட்ரோலர் அளவில் இதன் சரிபார்ப்பு வசதிகள் மிக நன்று. சிஸ்கோவின் பழைய கன்ட்ரோலர் மென்பொருளான ஏர் ஓ.எஸ். ஓடும் 2504, 5508 பெட்டிகளோடு பழகியவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். ஏ.பி. அளவில் வசதி இருக்கிறது, ஆனால் நாமாகத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பாதியில் நிற்கும் அப்கிரேடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் நிற்கின்றன.

முதலில் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பெட்டியில் ஓடும் மென்பொருளான ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ.-யில் 17.3, 17.6, 17.9, 17.12, 17.15 என்று மூன்று மூன்றாக வரும் வரிசைகளுக்குத்தான் நீண்ட காலப் பராமரிப்பு தருவது சிஸ்கோவின் வழக்கம். இடையில் வரும் 17.10, 17.11 போன்றவற்றை ஒரு நிறுவன வளாகத்தில் போட எந்தக் காரணமும் இல்லை. எண்ணின் கடைசியில் வரும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. 2023 அக்டோபரில் வெப் இடைமுகத்தில் ஓர் ஓட்டை வெளியானது. பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியலிடும் சி.வி.இ. வரிசையில் அதன் எண் சி.வி.இ.-2023-20198, தீவிரம் பத்துக்குப் பத்து. கடவுச்சொல்லே இல்லாத ஒருவர் வெளியிலிருந்து முழு அதிகாரமுள்ள பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்ள முடிந்தது. அதற்கான திருத்தம் 17.9.4-இல் கிடையாது, 17.9.4ஏ-யில் இருக்கிறது. அதேபோல 17.6.6ஏ, 17.3.8ஏ. வெண்டர் ‘17.9.4 போட்டாச்சு சார்’ என்று சொன்னால், கடைசியில் ‘ஏ’ இருக்கிறதா என்று கேட்பது குறுக்குவிசாரணை ஆகாது, நம் நெட்வொர்க்கைக் காப்பாற்றிக்கொள்வது.

கோப்பிலிருந்து தொடங்குவோம். 9800-எல், 9800-40, 9800-80, மெய்நிகர் வகையான 9800-சி.எல். ஒவ்வொன்றுக்கும் கோப்பு தனி; மாடல் பெயர் கோப்பின் பெயரிலேயே இருக்கும். பதிவிறக்கப் பக்கத்தில் கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க எம்.டி.5, எஸ்.எச்.ஏ.512 என்று இரண்டு மதிப்புகள் கொடுத்திருப்பார்கள். லேப்டாப்பில் இறக்கியதும் விண்டோஸில் ‘செர்ட்யூட்டில் ஹேஷ்ஃபைல்’ கட்டளையால் ஒரு தடவை ஒப்பிடுங்கள். கன்ட்ரோலரின் பூட்ஃப்ளாஷில் (உள் சேமிப்பில்) ஏற்றிய பிறகு ‘வெரிஃபை எம்.டி.5’ கொடுத்து இன்னொரு தடவை ஒப்பிடுங்கள். இரண்டாவது ஒப்பீட்டைப் பலர் தவிர்க்கிறார்கள். கோப்பு கெடுவது லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் வழியிலும் நடக்கும். கோப்பை அனுப்ப டி.எஃப்.டி.பி. என்ற முறை வேண்டாம். எஸ்.சி.பி. அல்லது வெப் இடைமுகம் வழியாக ஏற்றுவது நல்லது.

இடம் போதாவிட்டால் ‘இன்ஸ்டால் ரிமூவ் இனாக்டிவ்’ கட்டளை பழைய கோப்புகளைத் துடைக்கும். இதைப் புதிய கோப்பை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு செய்தால், இன்னும் பயன்பாட்டுக்கு வராத புதிய கோப்பையும் அழிக்கவேண்டிய பட்டியலில் சேர்த்துக் காட்டும். படிக்காமல் ‘எஸ்’ அடித்தவர் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான். அப்கிரேடு முடிந்த மறுநாளே இந்தக் கட்டளையைக் கொடுப்பதும் தவறு. பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டி வந்தால் அந்தக் கோப்புகள்தான் வழி. ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்.

அடுத்தது பெட்டி எந்த முறையில் பூட் ஆகிறது என்பது. ‘ஷோ வெர்ஷன்’ வெளியீட்டில் சிஸ்டம் இமேஜ் என்ற வரியில் ‘பேக்கேஜஸ்.கான்ஃப்’ என்று இருந்தால் இன்ஸ்டால் முறை. ‘பின்’ என்று முடியும் கோப்பே நேராக இருந்தால் பண்டில் முறை. இந்த மதிப்புரையில் பாராட்டும் வசதிகள் எல்லாமே, ஏ.பி.க்கு முன்கூட்டியே இமேஜ் (மென்பொருள் கோப்பு) அனுப்புவது உட்பட, இன்ஸ்டால் முறையில் இருந்தால்தான் ஒழுங்காகக் கிடைக்கும். பண்டில் முறையில் ஓடும் பெட்டியை முதலில் இன்ஸ்டால் முறைக்கு மாற்றிவிட்டு அப்புறம் அப்கிரேடு பற்றி யோசிக்கலாம்.

இப்போது இந்தப் பெட்டியின் ஆகச் சிறந்த பகுதிக்கு வருவோம். அப்கிரேடு இங்கே ஒரே மூச்சில் நடப்பதில்லை. ஆட் (ஏற்றுதல்), ஆக்டிவேட் (ஓடவிடுதல்), கமிட் (உறுதிசெய்தல்) என்று மூன்று படி. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை ‘ஷோ இன்ஸ்டால் சம்மரி’ ஒற்றை ஆங்கில எழுத்தில் சொல்லிவிடும். ‘ஐ’ என்றால் கோப்பு ஏறியிருக்கிறது, ஓடவில்லை. ‘யு’ என்றால் ஓடுகிறது, உறுதி செய்யப்படவில்லை. ‘சி’ என்றால் ஓடுகிறது, உறுதியும் ஆகிவிட்டது. புதிய பதிப்பு எண்ணுக்கு நேரே ‘சி’ வரும்வரை வேலை முடியவில்லை.

‘யு’ நிலையில் ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கும். இயல்பு அளவு ஆறு மணி நேரம். அதற்குள் கமிட் கொடுக்காவிட்டால் பெட்டி தானே ரீலோடு ஆகிப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். கமிட் ஆவதற்கு முன் மின்சாரம் போய் வந்தாலும் அதே கதி. தொலைவிலிருந்து அப்கிரேடு செய்து இணைப்பே அறுந்துபோகும் சூழலில் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இரவு பதினொன்றரைக்கு ஆக்டிவேட் செய்து, ‘ஷோ வெர்ஷன்’ திரையில் புது எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், அதிகாலை ஐந்தரைக்குப் பெட்டி விழுந்து எழும். ஏ.பி.க்கள் அத்தனையும் மறுபடி பழைய இமேஜுக்கு மாறும். காலை ஓ.பி. டோக்கன் கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் மருத்துவமனை வைஃபை இல்லாமல் நிற்கும். ‘ஷோ வெர்ஷன்’ ஸ்க்ரீன்ஷாட் மட்டும் ஆதாரமாகாது என்பதற்குக் காரணம் இதுதான்: ‘யு’ நிலைக்கும் ‘சி’ நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் துணை மின்நிலையத்துக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அந்த நாளுக்கு முந்தின இரவில் ஆக்டிவேட் செய்யாதீர்கள். ராம்மான் எனும் பூட் மென்பொருளையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் இது இன்னும் கண்டிப்பு. அதற்குத் தனிக் கோப்பு, தனிச் சரிபார்ப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் பெட்டியே எழாமல் போகலாம். யு.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அன்றைக்கே பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டளை அடிக்க விரும்பாதவர்களுக்கு வெப் இடைமுகத்தில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதிக்குள் சாஃப்ட்வேர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் இருக்கிறது. இறக்கி ஏற்றவும், ஆக்டிவேட் செய்யவும், கமிட் செய்யவும் தனித்தனிப் பொத்தான்கள். பக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்டிவேட்டுக்குப் பின் பெட்டி ரீலோடு ஆகி, மறுபடி லாகின் செய்து, அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து கமிட் அழுத்த வேண்டும். முகப்பிலேயே ‘இன்னும் கமிட் ஆகவில்லை’ என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கலாம்.

இனி ஏ.பி. பக்கம். ஒவ்வொரு ஏ.பி.யிலும் பிரைமரி, பேக்கப் என்று இரண்டு இமேஜுக்கு இடம் உண்டு. ஆட் முடிந்ததும் ‘ஏ.பி. இமேஜ் ப்ரீடவுன்லோடு’ கொடுத்தால், பழைய பதிப்பில் வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய இமேஜ் பேக்கப் இடத்தில் போய் உட்காரும். பிறகு ஆக்டிவேட் செய்தால் ஏ.பி. ஒரே ஒரு ரீபூட்டோடு வந்து சேர்ந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு ஏ.பி.யும் சேர்ந்த பிறகு இமேஜை இறக்கி, மறுபடி ரீபூட் ஆகி வரும், நூறு ஏ.பி. இருக்கும் வளாகத்தில் சேவை நிற்கும் நேரம் பல மடங்கு கூடும்.

சரிபார்க்கும் கட்டளை ‘ஷோ ஏ.பி. இமேஜ்’. மேலே மொத்த எண்ணிக்கை, முடிந்தவை, தோற்றவை என்று ஒரு சுருக்கம்; கீழே ஒவ்வொரு ஏ.பி.யின் பிரைமரி, பேக்கப், நிலை. ஆக்டிவேட்டுக்கு முன் புதிய எண் பேக்கப் பத்தியில் இருக்க வேண்டும். பின்னால் அது பிரைமரிக்கு வந்திருக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. கன்ட்ரோலர் 17.9.4 என்று சொல்வதை ஏ.பி. 17.9.4.27 என்று சொல்லும், 17.9.5 அங்கே 17.9.5.47. நான்காவது எண்ணைப் பார்த்து வேறு பதிப்பு என்று பதற வேண்டாம். ஆனால் எல்லா ஏ.பி.யிலும் அந்த நான்காவது எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு இது போதும். புதிதாக வரும் அட்மினுக்குப் பெட்டி இன்னும் உதவலாம்.

எண்ணிக்கையும் முக்கியம். அப்கிரேடுக்கு முன் ‘ஷோ ஏ.பி. சம்மரி’ வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து, பின்னால் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். பொங்கல் விடுமுறையில் ஹாஸ்டல் ஸ்விட்சை அணைத்து வைத்திருப்பார்கள், அந்த ஏ.பி.க்கள் இரண்டு பட்டியலிலும் வராது, மாணவர்கள் திரும்பும் நாளில்தான் இமேஜ் இறக்கத் தொடங்கும். ஆகவே விடுமுறையில் அப்கிரேடு செய்வதானால் ஹாஸ்டல் ஸ்விட்சுகளை முதலில் ஆன் செய்யச் சொல்லுங்கள். மாசி வீதி, வெளிவீதிப் பக்க விடுதிகள் சித்திரைத் திருவிழா முடியும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பழைய ஏ.பி. வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1700, 2700, 3700 வரிசைகளை 17.4-இல் நீக்கினார்கள்; பிறகு 17.9.3-இல் மறுபடி சேர்த்தார்கள். 17.6-க்கு ஏற்றினால் அவை சேரவே சேரா. இந்தப் பழைய வகைகளில் இமேஜின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்று 2022 டிசம்பர் 4-ஆம் தேதியோடு காலாவதியானது. திருத்தம் இல்லாத பதிப்புகளில் இந்த ஏ.பி.க்கள் டவுன்லோடிங் என்ற நிலையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கேபிளை மாற்றியோ, ஏ.பி.யைக் கழற்றி மாட்டியோ இது தீராது. எந்த ஏ.பி. எந்தப் பதிப்பில் ஓடும் என்ற பொருத்த அட்டவணை கன்ட்ரோலருக்குள் இல்லை, சிஸ்கோ தளத்தில்தான் இருக்கிறது. பெட்டியே தன்னிடம் இணைந்திருக்கும் மாடல்களைப் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அதுவரை, சிஸ்கோவே தரும் வயர்லெஸ் கான்ஃபிக் அனலைசர் எக்ஸ்பிரஸ் கருவியில் கன்ட்ரோலரின் ‘ஷோ டெக் வயர்லெஸ்’ வெளியீட்டைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும்.

திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று கிளைகள் இருந்தால் இன்னொரு சிக்கல். ஏ.பி.க்கு இமேஜ் போவது, அதுவும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் கேப்வாப் கட்டுப்பாட்டு வழியாக. இயல்பு அமைப்பில் ஒரு பாக்கெட் போய்ப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது போகும். லைனின் வேகத்தைவிடத் தாமதமே இங்கே கழுத்தை நெரிக்கும். ஃப்ளெக்ஸ்கனெக்ட் (கிளை ஏ.பி.க்களைத் தொலைவிலுள்ள கன்ட்ரோலர் நிர்வகிக்கும் முறை) கிளைகளில் எஃபிஷியன்ட் இமேஜ் அப்கிரேடு போட்டால் ஒவ்வொரு மாடலிலும் ஓர் ஏ.பி. மட்டும் கன்ட்ரோலரிலிருந்து இறக்கி, மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கிளைக்குக் கிளை தனி சைட் டேக் (ஏ.பி.க்களை இடவாரியாகப் பிரிக்கும் குறி) வைத்தால்தான் இது பலிக்கும். எல்லாக் கிளையையும் ஒரே டேகில் போட்டிருந்தால் உசிலம்பட்டி ஏ.பி. மேலூரிலிருந்து இழுக்கப் பார்க்கும்.

வேகத்துக்காக எச்.டி.டி.பி.எஸ். வழியே இறக்கும் அவுட் ஆஃப் பேண்டு (கேப்வாப் அல்லாத தனி வழி) முறையும் இருக்கிறது. இதில் 2025 மே மாதத்தில் சி.வி.இ.-2025-20188 என்ற, பத்துக்குப் பத்து தீவிரமுள்ள ஓட்டை வெளியானது. இயல்பாக இது அணைந்தே இருக்கும். ஆனாலும் ரன்னிங் கான்ஃபிகில் (இப்போது ஓடும் அமைப்புகளின் பட்டியலில்) ‘ஏ.பி. அப்கிரேடு’ என்று தேடிப் பாருங்கள், ‘மெத்தட் எச்.டி.டி.பி.எஸ்.’ என்ற வரி வந்தால், திருத்தப்பட்ட பதிப்புக்குப் போகும்வரை அதை நீக்கிவிடுங்கள்.

இரண்டு பெட்டி ஜோடியாக வைத்திருப்பவர்கள் ஸ்டாண்ட்பை (மாற்றாகக் காத்திருக்கும்) பெட்டியிலும் இதே எண், இதே ‘சி’ இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ‘ஷோ சேசிஸ்’ வெளியீட்டில் இரண்டும் ரெடி என்று வந்த பிறகே கமிட்.

கடைசியாக, பெட்டியோடு சேர்ந்து வரும் சேவையைப் பற்றி. பதிப்புக் கோப்புகளை இறக்கச் சேவை ஒப்பந்தம் வேண்டும். விற்பவர் அந்த ஒப்பந்தத்தைத் தன் நிறுவனக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால், வாங்கியவர் ஒரு கோப்பை இறக்கவோ, சிஸ்கோவின் தொழில்நுட்ப உதவி மையமான டாக்-கில் கேஸ் போடவோ ஒவ்வொரு தடவையும் அவரையே அழைக்க வேண்டியிருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஒன்று, ஒப்பந்த எண் வாங்கும் நிறுவனத்தின் சிஸ்கோ கணக்கோடு இணைக்கப்பட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு அப்கிரேடுக்கும் பில்லோடு கொடுக்க வேண்டியவை: பெட்டியில் எடுத்த எம்.டி.5 மதிப்பு, கமிட் ஆன பிறகு எடுத்த ‘ஷோ இன்ஸ்டால் சம்மரி’, முன்னும் பின்னும் எடுத்த ‘ஷோ ஏ.பி. இமேஜ்’. இந்த மூன்றையும் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. மறுக்கும் வெண்டரிடம் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட வேண்டாம்.